காலண்டருக்குப் பின்னால் இருந்த சுவர்

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் பஜாரில் எல்லாருக்கும் தெரியும். பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டு மறுநாள் காலையிலேயே வந்து நிற்கிற பெண்களிடம் நான் பேசுகிற பேச்சு ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை வரைக்கும் கேட்கும். என் கடை முன்னால் வண்டியை நிறுத்த ஜீப் டிரைவர்கள் யோசிப்பார்கள். என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். அவர் பேசுவது அவருக்கே கேட்குமா என்பது சந்தேகம். இப்படிப்பட்ட நான், என் தையல் மிஷின்களை உள்ளே வைத்துப் பூட்டிய ஒரு மனிதருக்கு முன்னால் பதில் பேச முடியாமல் நின்றேன் என்று சொன்னால் இன்றைக்கும் பஜாரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு என் இடத்தில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

மூணாறுப் பக்கம், சாந்தன்பாறையிலிருந்து பூப்பாறைக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் பஜார். இங்கே கட்டிடம் என்றால் முன்பக்கம் ரோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும், பின்பக்கம் சரிவில் தூண் ஊன்றி நிற்கும். ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரே மாடி. கீழே ஏலத் தோட்டத்தில் நின்று பார்த்தால் மூன்று மாடி. அப்படி ஒரு கட்டிடத்தில் வரிசையாக ஷட்டர் போட்ட அறைகள், அதில் கடைசி அறை எங்கள் தையல் கடை. எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு நானும் அவரும் வெளியே வந்து போட்ட முதல் கடை. நான் தைப்பேன். அவர் காஜா எடுப்பார், பட்டன் வைப்பார், அயர்ன் பண்ணுவார், யார் கேட்டாலும் நாளைக்குத் தந்துவிடுகிறோம் என்று சொல்லி என்னை மாட்டிவிடுவார்.

கட்டிடம் ஒரு மலையாளி முதலாளியுடையது. அவருடைய அப்பா காலத்தில் கோட்டயம் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். அவரைக் கெட்ட மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். வாடகை ஒரு வாரம் தள்ளிப்போனால் "சாரமில்லா" என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். என் மகள் கல்யாணத்துக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். வாடகை வாங்க மாதாமாதம் அவரே நேரில் வருவார். வந்தால் கடைக்குள் ஒரு சுற்றுப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "வ்ருத்தியாயிட்டு வச்சிருக்கீங்க" என்பார். வ்ருத்தி என்றால் மலையாளத்தில் சுத்தம். அந்த ஒரு வார்த்தைக்காக என் வீட்டுக்காரர் மாதம் முழுவதும் காத்துக்கொண்டிருப்பார்.

இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் லயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். லயம் என்றால் எஸ்டேட் கம்பெனி தொழிலாளிகளுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடு. நாங்கள் இரண்டு பேரும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் எஸ்டேட் மேனேஜர், அதாவது துரை, லயம் பார்க்க வருவார். கூடவே டாக்டரும் சூப்பர்வைசரும் வருவார்கள். எந்த வீடு மோசமாக இருக்கிறது, எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று பார்க்கத்தான் அவர்கள் வருவது. ஆனால் லயத்தில் ஒருவரும் அதை அப்படி எடுத்துக்கொண்டதில்லை. சுவர் விழுந்திருந்தால் அது குடியிருப்பவர்கள் குற்றம். அந்த வீட்டுப் பொம்பளை சரியில்லை என்று பேராகிவிடும். அதனால் துரை வருகிற அன்றைக்கு, ஒழுகுகிற இடத்தில் வைத்திருந்த குண்டானைக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். ஓட்டைக்கு மேல் மாதா படம் ஏறிவிடும். தரை பெயர்ந்த இடத்தில் பாய் விழும்.

என் மாமியார் எல்லாரையும்விட ஒரு படி மேலே. அவர்கள் வீட்டில் அடுப்படிச் சுவர் உள்பக்கமாக வயிறு தள்ளிக்கொண்டு நின்றதாம். துரை வாசலில் கால் வைத்ததும் கைப்பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தச் சுவரில் சாய்ந்து நின்றுவிடுவாராம். துரை அடுத்த வீட்டுக்குப் போகிறவரை நகரமாட்டாராம். அந்தச் சுவரைக் கம்பெனி கடைசிவரை சரிபண்ணவில்லை. எப்படிப் பண்ணும், பார்த்தால்தானே? இந்தக் கதையை என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சுவரக் காட்டியிருந்தா கட்டிக் குடுத்துருப்பான்ல. ஒங்கம்மா செஞ்சது புத்தியா?" என்று கேட்பேன்.

"மானம்னு ஒண்ணு இருக்குல்ல புள்ள" என்பார். அதற்குமேல் அவரிடம் பேசிப் பிரயோஜனமில்லை.

நாங்கள் கடை போட்டு ஒன்றிரண்டு வருடத்தில் அந்தப் பெரிய மழை வந்தது. மலைக்கு மலை மண் சரிந்து, இங்கே சொல்கிற மாதிரி சொன்னால் உருள்பொட்டி, ரோடே இல்லாமல் கிடந்தோம். பஜார் எப்படியோ தப்பித்தது. மழை விட்டு ஷட்டரைத் தூக்கிப் பார்த்தால், பக்கச் சுவரும் பின்சுவரும் சேருகிற மூலையில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு. ஸ்கேலைச் செருகினால் உள்ளே போகிற அகலம். மழைத்தண்ணீர் அது வழியாகக் கசிந்து சுவர் முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது.

"முதலாளிட்ட இன்னைக்கே சொல்லிருவோம்" என்றேன்.

"என்னத்தச் சொல்ல? அவுக தோட்டமே பாதி சரிஞ்சு போயி, வீட்டுல அடுப்புப் பத்த வைக்காமக் கெடக்காக. நாம போயி சுவரு போச்சுன்னு நிக்கவா?"

"சுவரு அவுகளுது. மழை பெய்ஞ்சு வெடிச்சிருக்கு. நமக்கென்ன வந்துச்சு?"

"நாம இருக்கையிலதான போச்சு" என்றார்.

அதுதான் லயத்துப் புத்தி. வீட்டை விட்டு வந்தாலும் அது விட்டுப் போகவில்லை. ஹார்டுவேர் கடைக்குப் போய் வெள்ளை சிமெண்ட் வாங்கி வந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, பால் ஊட்டுகிற மாதிரி அந்த வெடிப்புக்கு ஸ்பூனால் ஊட்டினார். மேலே சாயம் பூசினார். அடுத்த மழைக்கு அது மறுபடி திறந்துகொண்டது. மறுபடி ஊட்டினார். மறுபடி திறந்தது. பிறகு ஊட்டுவதை விட்டுவிட்டு மறைக்க ஆரம்பித்தார்.

நகைக்கடைக் காலண்டர், ஏலக்காய்க் கடைக் காலண்டர், எங்கள் பங்குக் கோயில் காலண்டர் என்று பஜாரில் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கி வந்துவிடுவார். முதலாளி வருகிற நாளன்று காலையில் எல்லாம் வரிசையாக ஏறும். துணி அலமாரியைக் கால் அடி நகர்த்துவார். மூலையில் ஒரு திரை போட்டால் துணி போட்டுப் பார்க்கிற அறை மாதிரி இருக்கும் என்றார். வெட்டி மிஞ்சிய பச்சைத் துணி கிடந்தது. அவர் தொல்லை பொறுக்காமல் நான்தான் தைத்துக் கொடுத்தேன். முதலாளி வந்து அதைப் பார்த்துவிட்டு, "டிரையல் ரூமா? கொள்ளாம், கொள்ளாம்" என்று மெச்சினார். என் வீட்டுக்காரருக்கு அன்றைக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை.

இப்படியே வருடங்கள் போயின. வெடிப்பு எங்கள் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டது. மழைக்காலத்தில் கீழே கோணிச்சாக்கு விரிப்போம், வெயில் காலத்தில் மறந்துவிடுவோம். வாடிக்கையாக வருகிற பெண்களுக்கும் தெரியாது. திரைக்குள் போய் பிளவுஸ் போட்டுப் பார்க்கிறவர்கள்கூட எதிரே தொங்குகிற கண்ணாடியைத்தான் பார்ப்பார்கள்.

போன வருடம் முதலாளி வந்து, அறையை விட்டுத்தர வேண்டும் என்றார். மூணாறு பார்க்க வருகிற கூட்டம் எங்கள் ரோட்டிலும் பெருகிவிட்டது. மசாலா சாமான், ஏலக்காய், தேன் என்று விற்கிற கடைக்காரர் ஒருவர் நல்ல வாடகைக்கு அந்த அறையைக் கேட்டிருக்கிறார். அக்ரிமெண்ட் முடிகிற மே மாத நடுவில் காலி செய்துவிடுங்கள், அட்வான்ஸை அன்றைக்கே கையில் தந்துவிடுகிறேன் என்றார். நியாயமாகத்தான் பேசினார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு வேறு அறையும் கிடைத்துவிட்டது.

மே மாதம் என்றால் தையல்காரிக்கு மூச்சு விட நேரம் கிடையாது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். எஸ்டேட்டுப் பெண்கள் போடிக்கு இறங்கிப் போய் யூனிபார்ம் துணி வாங்கி வந்து என்னிடம் கொடுத்திருந்தார்கள். அளவெடுத்து, வெட்டி, ஒவ்வொரு பிள்ளையின் துணியையும் தனித்தனி முடிச்சாகக் கட்டி அலமாரியில் அடுக்கியிருந்தேன். புதுக் கடையில் மிஷினைப் போட்டதும் ஒரே மூச்சில் தைத்துவிடலாம் என்பது என் கணக்கு.

காலி செய்கிற அன்று ஒரு ஜீப்பைச் சொல்லியிருந்தோம். முதலாளி சாயங்காலம்தான் சாவி வாங்க வருவதாகப் பேச்சு. சாமானை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, கடைசியாக ஒரு தடவை வெடிப்புக்குச் சிமெண்ட் ஊட்டிச் சாயம் அடித்து, சுவரை நன்றாக ஒப்படைப்பது என்று என் வீட்டுக்காரர் டப்பாவும் பிரஷ்ஷும் தயாராக வைத்திருந்தார். ஆனால் முதலாளி காலையிலேயே வந்துவிட்டார். மசாலாக் கடைக்காரருக்கு அறையைக் காட்டக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அவர்கள் உள்ளே வரும்போது காலண்டரெல்லாம் தரையில் கிடந்தது. ஜீப் டிரைவர் அப்போதுதான் திரையைக் கம்பியோடு பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அலமாரி நடு அறையில் இருந்தது. சுவர் முழுசாகத் தெரிந்தது. அப்படி அதை நானே பல வருடமாகப் பார்த்ததில்லை. பச்சையும் கறுப்புமாகப் பாசி ஏறி, இடையிடையே காலண்டர் இருந்த இடங்கள் மட்டும் சதுரம் சதுரமாக வெளுத்து, மூலையில் அந்த வெடிப்பு விரலே நுழைகிற அளவுக்கு வாய் பிளந்து நின்றது. கீழே தோட்டத்து வெளிச்சம் அது வழியாகக் கோடு மாதிரி தெரிந்தது.

முதலாளி கிட்டே போய் வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்தார். மசாலாக் கடைக்காரர் மெல்ல வெளியே போய்விட்டார்.

"இது எந்தா இது?" என்றார் முதலாளி.

"மழைக்கு வெடிச்சது முதலாளி" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஏது மழை? இப்ப மழை இல்லல்லோ."

"அந்தப் பெரிய மழைக்கு."

"நான் மாசாமாசம் வந்து பாத்ததல்லே? நல்ல சுவராயிட்டு இருந்ததல்லே?"

"மறச்சு வச்சிருந்தோம் முதலாளி."

"எதுக்கு?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். "நீங்க சங்கடப்படுவீகன்னு" என்றார்.

அவர் சொன்னது சத்தியம். அதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது. ஆனால் கேட்க எப்படி இருந்தது என்றால், எனக்கே நம்பத் தோன்றவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"அன்னைக்கு என்கிட்ட பொய் காட்டினியா, இல்ல இன்னைக்குப் பொய் சொல்றியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அன்றைக்குத்தான் பொய் என்றால் இத்தனை வருடம் அவரை ஏமாற்றியவர்கள் ஆகிறோம். இன்றைக்குத்தான் பொய் என்றால் சுவரை உடைத்தவர்கள் ஆகிறோம். எந்தப் பக்கம் போனாலும் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். மனிதர் கோபத்தில் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. அவருக்கு முகம் வாடிப்போயிருந்தது.

மோட்டார் மிஷின் ஓடிய ஆட்டத்தில்தான் சுவர் விட்டிருக்கிறது, தையல் கடைக்குக் கொடுத்ததே தப்பு என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். சுவரை உடைத்துப் பூச வேண்டும், அறை முழுக்கச் சாயம் அடிக்க வேண்டும், வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படி ஆக்கித் தர வேண்டும், அதுவரை சாமான் இங்கேதான் இருக்கும் என்றார். ஜீப்பில் ஏற்றியிருந்தது துணி வெட்டுகிற மேஜையும் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலியும்தான். மிஷின்களும் துணி அலமாரியும் உள்ளே. பக்கத்துக் கடையில் புதுப்பூட்டு ஒன்று வாங்கி வந்து எங்கள் பூட்டுக்கு மேல் பூட்டிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் கையில் சாய டப்பா அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து நான் அலையாத இடமில்லை. அடுத்த அறையில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிற பையன் எங்களோடு மழையையெல்லாம் பார்த்தவன். வந்து ஒரு வார்த்தை சொல்லப்பா என்று கேட்டேன். அவன் பாவமாகப் பார்த்தான்.

"அக்கா, நான் அந்த வெடிப்பப் பாத்ததே இல்லியே. ஒங்க கடையில எப்பவும் மாதா படமும் காலண்டரும்தான இருக்கும்? பாக்காதத எப்படிக்கா பாத்தேன்னு சொல்ல?"

போனில் போட்டோ இருக்கும் என்று நினைவு வந்தது. கிறிஸ்துமஸ், மகள் கல்யாணச் சேலை, புது மாடல் பிளவுஸ் என்று கடையில் எடுத்த போட்டோ கணக்கில்லாமல் இருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். ஒரு போட்டோவில்கூட அந்தச் சுவர் இல்லை. காலண்டர் இருக்கிறது, திரை இருக்கிறது, திரைக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நான் இருக்கிறேன். இருந்தாலும் ஒரு போட்டோவில் காலண்டர் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரிகிற மாதிரி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் ஓடினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, போனைத் தூரமாகவும் பக்கமாகவும் வைத்துப் பார்த்தார். "கண்டோ, நல்ல சுவர்தானே?" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார். என் சாட்சியை நானே கொண்டுபோய் அவருக்குக் கொடுத்தேன்.

தேவிகுளத்தில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தோம். சாமானைப் பிடித்து வைக்க முதலாளிக்கு உரிமை கிடையாது, கேஸ் போடலாம் என்று அவர் சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். வெடிப்பு வந்தபோது கட்டிடக்காரரிடம் சொன்னீர்களா? நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வக்கீல் மேஜையில் இருந்த கண்ணாடி உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேஸ் எப்போது முடியும் என்று கேட்டேன். வக்கீல் சிரித்தார். பள்ளிக்கூடம் திறக்கிறதற்குள் முடியாது என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

எனக்கு மிஷினைவிடத் துணிதான் உறுத்தியது. மிஷின் என்னுடையது, கிடந்துவிட்டுப் போகட்டும். துணி அடுத்தவர்களுடையது. கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி, மகளை ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் முதல்முறையாகச் சேர்த்திருந்தாள். மெரூன் கட்டம் போட்ட துணி. வேலை முடிந்து தினமும் வந்து, பூட்டின ஷட்டரையும் என்னையும் பார்த்துவிட்டுப் போவாள். ஒருநாள், "தைக்காட்டியும் பரவாயில்லக்கா. துணிய மட்டும் குடுத்துருங்க, நான் கீழ போயி தச்சுக்கிறேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. என் வாழ்க்கையில் யாரிடமும் அவ்வளவு மெதுவாக நான் பதில் சொன்னதில்லை.

அன்றைக்கே முதலாளி வீட்டுக்குத் தனியாகப் போனேன். முற்றத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தும் வாங்கிக் குடித்தேன்.

"மிஷின வச்சுக்கங்க முதலாளி. துணிய மட்டும் குடுங்க. அது ஊருப் பிள்ளைக துணி" என்றேன்.

"தந்தா நீ சுவர் பூச மாட்டே" என்றார். "ஜனம் வந்து உன்னைக் கேட்டாத்தான் பூசுவே."

"நாங்க அப்படிப்பட்டவுகளா முதலாளி? இத்தன வருசம் பாத்திருக்கீக."

அவர் மிளகைக் கிளறுவதை நிறுத்தினார். "இத்தன வருஷம் நான் பாத்தது என்னன்னு எனக்கே இப்ப தெரியலையே" என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "உன் ஆளை நான் வலிய ஆளாயிட்டு நினைச்சிருந்தேன். சுவர் போனா கட்டலாம். இது எப்படி?"

வருகிற வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் திட்டு வீட்டுக்காரர் பக்கம் திரும்பியது. பிறகு மாமியார் பக்கம், துரை பக்கம், கம்பெனி பக்கம். வீடு நெருங்கும்போது திட்ட ஆள் தீர்ந்துபோய், ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். அழுதது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ஜீப் டிரைவர்கள் எனக்குப் பயப்படுவதை விட்டிருப்பார்கள்.

சுவரைப் பூசித் தருவதைத் தவிர வேறு வழியில்லை என்று ஆனது. பணத்தை எப்படிப் புரட்டினோம் என்பதைப் பேச விரும்பவில்லை. ஆனால் மழைக்கு முன்னால் இந்த மலையில் கொத்தனார் கிடைக்க வேண்டுமே. எல்லாரும் ஹோம்ஸ்டே கட்டுகிற வேலையில் இருந்தார்கள். ஒருவர் வருகிறேன் என்று சொல்லி, இன்று நாளை என்று இழுத்து, வந்து சேரும்போது பள்ளிக்கூடம் திறந்து மழையும் பிடித்துவிட்டது. திறந்த அன்று குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். மற்றப் பிள்ளைகளெல்லாம் மெரூன் கட்டத்தில் போக, கொழுந்து பறிக்கிறவளின் மகள் மஞ்சள் பூப்போட்ட கிறிஸ்துமஸ் சட்டையில் போனாள். என்னைப் பார்த்துக் கையாட்டினாள். அவள் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

கொத்தனார் சுவரைப் பார்த்ததும், "நான் பூசித் தர்றேன். பூசறதோட என் வேலை முடிஞ்சிச்சு, மழைக்கு அப்புறம் எங்கிட்ட வரக்கூடாது" என்றார். என் வீட்டுக்காரர் சம்பளமில்லாத கையாளாக நின்று சிமெண்ட் குழைத்துக் கொடுத்தார். முதலாளியின் ஆள் ஒருவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் மிஷின்கள் மேல் சிமெண்ட் தூசி படிந்துகொண்டிருந்தது. முந்தானையால் மூடினேன். போதவில்லை. அந்தப் பச்சைத் திரையை எடுத்து மூடினேன்.

சுவர் காய்ந்து, சாயம் அடித்து முடிந்த அன்று முதலாளி வந்தார். கடையில் ஒரு காலண்டர் இல்லை. என் வீட்டுக்காரர் சட்டைப் பட்டனையெல்லாம் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். முதலாளி மூலைக்குப் போய் விரலை மடக்கி மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தார். கையால் தடவினார். எட்டி நின்று பார்த்தார். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு, "ஆ, இப்ப வ்ருத்தியாயி" என்றார்.

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மலர்ந்தது. எனக்கு அந்த நேரத்தில் வந்த ஆத்திரத்துக்குக் கையில் கத்தரிக்கோல் இல்லாமல் போனது அவருடைய புண்ணியம். அட்வான்ஸில், பூட்டிக்கிடந்த நாட்களுக்கு வாடகை என்று ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டுதான் கொடுத்தார். அதையும் இவர் இரண்டு கையையும் நீட்டி வாங்கினார்.

மிஷின்கள் புதுக் கடைக்கு வந்தன. மோட்டாருக்குள் போன சிமெண்ட்டை எடுக்கவே நாளானது. துணி முடிச்சுகளைத் தைத்து முடிப்பதற்குள் பாதிப் பேர் போடிக்கு இறங்கிப் போய் ரெடிமேட் வாங்கிவிட்டார்கள். கொழுந்து பறிக்கிற அந்தப் பெண்ணுக்கு மட்டும் காசு வாங்காமல் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளும் அதற்குள் எங்கேயோ கடன் வாங்கி வேறு வாங்கியிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த வருசத்துக்கு ஆகும்க்கா" என்று வாங்கி வைத்துக்கொண்டாள். பிள்ளை வளராமல் இருந்தால் ஆகும்.

புதுக் கடையில் ஒரு காலண்டர்கூட மாட்டக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். தேதி வேண்டுமென்றால் போனில் பார்த்துக்கொள்ளட்டும். ஆடி மழையில் அங்கேயும் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சுவர் ஈரம் குடித்துக் கறுத்தது. என் வீட்டுக்காரர் சத்தமில்லாமல் மாதா படத்தைக் கையில் எடுத்தார். பிடுங்கி மேஜை மேல் வைத்தேன்.

"இந்தத் தடவ நான்தான் பேசுவேன். கட்டடக்காரரு வந்ததும் சுவரக் காட்டி, இது எங்க வேலையில்ல, ஒழுகுதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருவேன். நீங்க வாயத் தொறக்கக் கூடாது" என்றேன்.

"சரி புள்ள" என்றார்.

இந்தக் கட்டிடக்காரர் ரிட்டயர்டு வாத்தியார். வாடகைக்கு வந்தவர் செருப்பை வாசலில் கழற்றி விட்டுவிட்டு உள்ளே வந்தார். தைத்து அடுக்கியிருந்த துணிகளைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார். பேச வேண்டியதெல்லாம் எனக்கு மனப்பாடமாக இருந்தது.

"எல்லாம் சவுகரியமா இருக்காம்மா? குறை ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார். நல்லா இருக்கு" என்றேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் இருந்து, மழையைப் பற்றிப் பேசி, டீ குடித்துவிட்டுத்தான் போனார். அவர் செருப்புச் சத்தம் படி இறங்கி மறைந்தது. என் வீட்டுக்காரர் அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்குறீக?" என்றேன்.

"இந்தப் பக்கம் வா புள்ள. முதுகெல்லாம் நனஞ்சிருச்சு" என்றார்.

மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன்.